திறக்காத முதலை நாடகம்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தொழிற்சாலை பஸ் தாமதம். துணி காயவில்லை.

வேலை முடிந்து வந்ததும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை போனில். “சார், வசந்தா டீச்சர் ஒரு நாடகம் எழுதி வச்சிருந்தாங்கல்ல, பஸ் ஏறுற முதலை? கலைவிழாவுக்குப் பிள்ளைங்க அதத்தான் கேக்குறாங்க. வெள்ளிக்குள்ள கெடைச்சா ஒத்திகை ஆரம்பிச்சிடலாம்.”

தருகிறேன் என்றேன்.

வசந்தா இறந்து எட்டு மாதம். அவள் லேப்டாப்பை இன்றுதான் திறந்தேன். கோப்பு இருக்கிறது, திறக்க மறுக்கிறது. மென்பொருளின் உரிமத்தைச் சரிபார்க்க வேண்டுமாம். விற்ற நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டேன், திரும்பி வந்தது. தேடிப் பார்த்தால் நிறுவனமே மூடியாயிற்று.

அந்த மென்பொருள் நான் வாங்கிக் கொடுத்தது. இலவசமாகக் கிடைப்பதே போதும் என்றுதான் சொன்னாள். “நாளைக்கு ஒண்ணு கெட்டுப்போனா யாரக் கேப்ப?” என்று அடம்பிடித்தவன் நான்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. வாங்க: முட்டை, சோப்பு, குளியலறை பல்ப்.

கேண்டீனில் சிவத்திடம் சொன்னேன். அளவுக்கருவிப் பிரிவில் இருப்பவர், கணினி தெரிந்தவர். “அண்ணே, இலவச மென்பொருள் ஒண்ணு இருக்கு, பழைய கோப்பெல்லாம் தெறக்கும். போட்டுப் பாருங்க லா.”

போட்டேன். ஒரே தட்டில் திறந்தது. ஆனால் தமிழ் இல்லை. பக்கம் பக்கமாகக் கோடும் புள்ளியும். பழைய எழுத்துரு. நாடகத்தின் பெயர்கூடப் படிக்க முடியவில்லை. நடுவில் இரண்டு முறை தானாக மூடிக்கொண்டது.

அந்த மென்பொருளைச் செய்கிறவர்களின் இணைய மன்றத்தில் என் சிக்கலை எழுதிப் போட்டேன். யார் படிக்கப் போகிறார்கள்.

நவம்பர் 5, புதன்

மன்றத்தில் ஒருவர் படித்திருக்கிறார். பெயர் குமரன்.

“ஐயா, ஒரு பக்கம் மட்டும் அனுப்புங்க. எழுத்து எது எதுவா மாறியிருக்குன்னு பாக்கணும்.”

அனுப்பினேன். எந்த ஊர் தம்பி என்றும் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. எழுத்தைப் பற்றி மட்டும் நான்கு கேள்விகள். எல்லாவற்றுக்கும் நீளமாகப் பதில் எழுதினேன். என் மனைவி வசந்தா ஆசிரியை என்பதையும், முதலை ஏன் பஸ் ஏறுகிறது என்பதையும் (ஆற்றில் ரசாயன நாற்றம், வேறு ஆறு தேடிப் போகிறது). அவர் கேட்கவில்லை.

இன்று வேறு யாரிடமும் பேசவில்லை. பஸ் டிரைவரிடம் மலாயில் ‘பகி’ என்று காலை வணக்கம் சொன்னதைச் சேர்க்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

குமரன் சிறிய நிரல் ஒன்று எழுதி அனுப்பினார். ஓட்டினேன். தமிழ் வந்தது.

முதல் வரி, முதலை பேசுவது: “அண்ணே, இந்த பஸ் ஆத்துக்குப் போகுமா?”

நாற்காலியை விட்டு எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

எழுத்துகளின் கொம்புகள் சில இடம் மாறியிருந்தன. சொன்னேன். அரைமணியில் திருத்தி அனுப்பினார். இலவசத்தில் குறையே இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் கேட்டால் பதில் வருகிறது. வசந்தாவிடம் நான் கேட்ட கேள்விக்கு அவளுக்கே பதில் தெரிந்திருக்கும். சொல்ல விட்டேனா.

நவம்பர் 7, வெள்ளி

வேலையில் அரைநாள் விடுப்பு. அச்செடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். தலைமையாசிரியை நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். “டீச்சர் பேசுற மாதிரியே இருக்கு சார்.” கையோடு பிள்ளைகளுக்குப் பாத்திரம் பிரித்துக் கொடுத்தார்கள். முதலையாக ஒரு குண்டுப் பெண், நல்ல குரல். அவள் வாசித்ததும் வகுப்பே சிரித்தது.

விழாவுக்கு வரச் சொன்னார்கள். முன்வரிசையாம். பக்கத்து நாற்காலிக்கு யார் என்று கேட்டார்கள். ஒன்று போதும் என்றேன்.

நவம்பர் 8, சனி

வெயில். துணி காய்ந்தது.

குமரனுக்கு நன்றி எழுதினேன். பிள்ளைகள் சிரித்ததையும் எழுதினேன். பதில்: “வேலை செய்யுதா? மகிழ்ச்சி ஐயா. இந்தக் கோரிக்கைய முடிச்சிடறேன்.” மன்றத்தில் என் பெயருக்கு எதிரே பச்சை நிறத்தில் ‘தீர்ந்தது’.

மதியம் முழுக்க அவளுடைய மற்றக் கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். பாடக் குறிப்பு, தேர்வுத் தாள், சுற்றறிக்கை. எல்லாம் சரியாக வந்தன. இருபதாவதோ என்னவோ, ஒரு பெயர்ப் பட்டியல். ‘ஸ்ரீ’ வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கட்டம்தான்.

கையால் திருத்தினால் ஒரு நொடி வேலை. திருத்தவில்லை. மன்றத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தேன்: ‘வணக்கம் தம்பி, இன்னும் ஒரு சின்னக் குறை’