நடு ஸ்பீக்கரில் பேச்சு இல்லை

நவம்பர் 4, திங்கள்

இன்று நான் சொல்லாதது: கையெழுத்துப் போடாதீங்க.

சொன்னது: "உங்க இஷ்டம் மச்சான்."

லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஷார்ஜாவிலிருந்து கணவர் அம்மாரின் குரல் செய்தி. அங்கே வாட்ஸ்அப்பில் அழைத்தால் போகாது. குரலைப் பதிந்து அனுப்பலாம், அவ்வளவுதான். எங்கள் குடும்பமே அதில்தான் நடக்கிறது. கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் போட வேண்டுமாம். "நீ என்னா சொல்றே மர்ஜான்?" என்று கேட்டுவிட்டு நாலைந்து விநாடி சும்மா இருந்தார். பின்னால் லிஃப்ட் மணி அடித்தது. யாரோ இந்தியில் கத்தினார்கள். அந்த நாலைந்து விநாடியை மட்டும் மூன்று முறை கேட்டேன்.

பதில் பதிந்தேன், அழித்தேன். மறுபடி பதிந்தேன், அழித்தேன். மூன்றாவதில் "உங்க இஷ்டம்" என்று வந்தது. அதை அனுப்பிவிட்டேன்.

கல்யாணமாகி மூன்று வருடம். சேர்ந்து இருந்தது நூற்றைந்து நாள்.

பேச்சை மாற்றுவதற்காக, டிவியில் சத்தம் சரியில்லை என்றும் சொல்லிவைத்தேன். அது பொய்யில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

டிவி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "ஹோம் தியேட்டருன்னு சொல்லு புள்ள."

போன விடுப்பில் அவர் கட்டிய கோட்டை அது. டிவிக்குக் கீழே ஒரு சின்னக் கணினி. அதிலிருந்து ரிசீவர் என்கிற கறுப்புப் பெட்டிக்கு ஒரு கேபிள். பெட்டியிலிருந்து ஐந்து ஸ்பீக்கர்களுக்குக் கம்பிகள். ரிசீவரைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி விமானத்தில் கொண்டுவந்தார். நாற்பது நாள் விடுப்பில் ஆறு நாள் கம்பி இழுப்பதிலேயே போனது. ஆறாம் நாள் என்னைச் சோபாவின் நடுவில் உட்காரவைத்து மழைச் சத்தம் போட்டார். மழை என் முதுகுக்குப் பின்னால் பெய்தது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். எப்படிச் சிரித்தார்!

இப்போது என்ன ஆகியிருக்கிறது என்றால், பேச்சு மட்டும் கேட்கவில்லை. நேற்று ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டேன். ரயில் நிலையத்தில் ஒரு கிழத்தாய் மகனை வழியனுப்புகிறாள். ரயில் கூவுகிறது, டீ விற்கிறவனின் கெட்டில் கிணுகிணுக்கிறது, தூரத்தில் நாய்கூடக் குரைக்கிறது. அவள் வாய் மட்டும் சும்மா அசைகிறது. என்ன சொல்லி அனுப்பினாள் என்று தெரியவேயில்லை.

நவம்பர் 7, வியாழன்

காலையிலிருந்து ஒன்பது குரல் செய்திகள்.

போன வாரம் வரை எங்கள் பேச்சு இப்படி இருந்தது: சாப்பிட்டியா? சாப்பிட்டேன். நீங்க? ஆச்சு. இன்றைக்கு ஒன்பது. கணினியில் ஒலி அமைப்பை ஐந்து ஸ்பீக்கரிலிருந்து இரண்டாக மாற்றிப் பார்க்கச் சொன்னார். மாற்றினேன். கிழவியின் குரல் இடமும் வலமுமாக வந்துவிட்டது.

"அப்ப படத்துல கோளாறு இல்ல. பேச்செல்லாம் நடு ஸ்பீக்கரு வழியாத்தான் வரும். அதுதான் ஊமையாயிருச்சு."

"ரெண்டுலயே கேட்டுட்டுப் போறேனே மச்சான்."

"ஏன்டி, அஞ்சு ஸ்பீக்கர நான் சுமந்துட்டு வந்தது ரெண்டுல கேக்கவா? திருப்பி அஞ்சுல வையி. நாளைக்கு லீவு. நானே உள்ள வந்து பாக்குறேன்."

உள்ள வந்து பார்க்கிறேன் — அந்தச் சொற்றொடரை இன்று முழுக்க மனசில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அடுத்த தெருவிலிருந்து வருகிற மாதிரி.

நவம்பர் 8, வெள்ளி

வந்தார். டிவியில் அம்பு தானாக நகர்ந்தது.

அங்கிருந்தபடியே நம் கணினியை இயக்குகிற ஒரு செயலி. நான் சோபாவில் உட்கார்ந்திருக்க, திரையில் அம்பு எங்கெங்கோ போய் எதையெதையோ திறந்து மூடியது. அவர் கைதான் அது. கொஞ்சம் அவசரம், சட்டென்று நிற்கும், யோசிக்கும்போது இரண்டு சுற்றுச் சுற்றும். சாப்பாட்டு மேசையில் ஸ்பூனை அப்படித்தான் சுற்றுவார்.

ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதித்தார். நாலு கேட்டது. நடு கேட்கவில்லை. நோட்பேடைத் திறந்து ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தார்: இருக்கியா?

எழுந்து போய்க் கீபோர்டில் அடித்தேன்: இருக்கேன்.

அந்த இரண்டு வரியையும் மூடாமலே போய்விட்டார். நானும் மூடவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

உம்மா பின்கட்டிலிருந்து வந்து, "கடைத்தெரு மதாரைக் கூட்டியாரட்டா? நான் இங்கன வந்து உக்காந்துக்கிறேன்" என்றார். ஆம்பளை இல்லாத வீட்டில் மெக்கானிக் நுழைய வேண்டுமானால் உம்மா உட்கார வேண்டும்.

மதார் வந்தார். கேள்வியை என்னிடம் கேட்கவில்லை.

"எப்பருந்து கேக்கலைன்னு கேளுங்க மாமி."

"எப்பருந்துடி கேக்கல?" என்றார் உம்மா, ஓரடி தள்ளி நின்ற என்னிடம்.

"ரெண்டு வாரமா இருக்கும்."

"ரெண்டு வாரமாம் மதாரு."

என் காதும் மதார் காதும் நன்றாகத்தான் இருக்கின்றன. அலமாரியை நகர்த்திப் பின்பக்கம் பார்க்கச் சொல்லலாமே என்று நான் உம்மாவிடம் சொல்ல, உம்மா அவரிடம் சொல்ல, "அங்கன ஒண்ணும் இருக்காது மாமி. ரிசீவரு உள்ளுக்க போயிருச்சு. மதுரைக்கு அனுப்பணும்" என்று பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

"மாப்புள வந்து பாத்துக்கிடட்டும்" என்றார் உம்மா. எப்போது வந்து?

வாப்பா மலேசியாவில் இருந்தது இருபத்தாறு வருடம். உம்மா அவரிடம் எதையும் கேட்டதில்லை. அப்படிக் கட்டியதுதான் கல்யாணத்தில் எனக்கு எழுதிக்கொடுத்த இந்த வீடு. ஹாலில் பேசினால் எதிரொலிக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

சரியாகிவிட்டது. நான்தான் செய்தேன்.

ரிசீவரின் கையேட்டை நேற்று முழுக்கப் படித்தேன். என் அலமாரியில் பாதியில் நிற்கிற நாவல்களைவிட அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. இன்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இடது ஸ்பீக்கரின் கம்பியைக் கழற்றி, நடு ஸ்பீக்கருக்கான துளையில் செருகினேன். மறுபடி போட்டால், கிழவி இடது மூலையிலிருந்து பேசினாள். அப்படியானால் ரிசீவர் நன்றாக இருக்கிறது. மதுரைக்குப் போக வேண்டியதில்லை.

மிச்சம் நடு ஸ்பீக்கரும் அதன் கம்பியும். அலமாரியை முதுகால் தள்ளினேன். ஸ்பீக்கருக்குப் பின்னால், கம்பியின் முனை பாசி பிடித்த மாதிரிப் பச்சையாக இருந்தது. செம்பில் களிம்பு. மற்ற நாலும் மூலைகளில் இருக்கின்றன. இது மட்டும் கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே. அந்த ஜன்னலைத் தினமும் திறந்து வைப்பது நான்தான். யாராவது தெருவில் பேசிக்கொண்டு போவது கேட்கும் என்பதற்காக.

இரண்டு விரல் நீளம் வெட்டினேன். கத்தியால் மேலுறையைச் சீவினேன். உள்ளே சிவப்பாக, புதுசாக இருந்தது. செருகினேன்.

"போயிட்டு வந்துருப்பா, தாமதிக்காதே" என்றாள் கிழவி, நடுவிலிருந்து, நேராக என்னைப் பார்த்துச் சொல்வது போல. இவ்வளவுதானா அவள் சொன்னது?

போனை எடுத்தேன். "மச்சான்" என்று ஆரம்பித்தேன். அப்புறம் — சொன்னால் நாளைக்கு என்ன பேசுவோம்? சாப்பிட்டியா, சாப்பிட்டேன்.

"இன்னைக்கும் கேக்கல மச்சான்" என்று அனுப்பினேன்.

நவம்பர் 13, புதன்

பதினாலு குரல் செய்திகள். இன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 14, வியாழன்

அந்தக் கிழவி படத்தை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன், பாதியில் அவர் செய்தி வந்தது. நிறுத்தாமலே பதில் பேசி அனுப்பினேன். கேபிளை மாற்றிப் பார்த்ததாக ஒரு கதை. என் வாயில் இவ்வளவு சரளமாகப் பொய் வருமென்று தெரியாது. அவர் செய்தியில் சொன்ன ஏதோ ஒன்றுக்கு நான் சிரித்ததும் அதிலே போயிற்று.

கையெழுத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

அம்பு வந்தது. நேராக ஒலி அமைப்புக்குப் போனது. நடு ஸ்பீக்கரின் படத்தின் மேல் போய் நின்றது. வெகுநேரம் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று எழுந்தேன். பிறகு இரண்டு சுற்றுச் சுற்றியது.

நோட்பேடில்: கேக்குதா?

கேக்கல, என்று அடித்தேன்.

சரி, அடுத்த வாரமும் பாப்போம், என்று அடித்தார்.

நவம்பர் 19, செவ்வாய்

நாள் முழுக்க மழை. உம்மா ஹாலில் என்னோடு உட்கார்ந்து படம் பார்த்தார். இடையில் அம்மாருக்கு, இன்னும் கேக்கல என்று செய்தி அனுப்பினேன்.

உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "அதுல பேசுறது எனக்கே நல்லாக் கேக்குது. மாப்புளட்ட கேக்கல கேக்கலைங்கிறியே, என்னாடி?" என்றார்.

"அது வேற கோளாறு உம்மா."

"ம்" என்றார். படம் முடியுமுன் எழுந்து போய்விட்டார்.

வேற கோளாறுதான். அவர் மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஸ்பீக்கர் கம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டு கிடக்கிறேன். எதுக்காக? அவரா தெரிஞ்சுக்கிடட்டும்னா? எப்படித் தெரியும், சொல்லாம?

நவம்பர் 23, சனி

சொல்லிவிட்டேன்.

அழிக்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு பேசினேன். ஸ்பீக்கர் சரியாகிப் பதினோரு நாள் ஆகிறது, நான்தான் கம்பியை வெட்டிச் சரிசெய்தேன், பேசிக்கொண்டே இருக்கலாமென்று மறைத்தேன் என்றேன். பிறகு: "எனக்கு இஷ்டமில்ல மச்சான். கையெழுத்துப் போடாதீங்க. வந்துருங்க."

ஒரு டிக். இரண்டு டிக். மஃரிப் தொழுகைக்குப் பிறகு மைக் நீலமானது. கேட்டுவிட்டார்.



நவம்பர் 24, ஞாயிறு

பதில் லுஹருக்குப் பிறகு வந்தது. ஒரே செய்தி, மூன்றரை நிமிடம்.

"ஸ்பீக்கரு சரியானது எனக்குத் தெரியும் புள்ள. அன்னைக்கி வியாழக்கெழம நீ பேசி அனுப்புனதுல, பின்னாடி அந்தக் கெழவி பேசுறது பளிச்சுன்னு கேட்டுச்சு. மறுநாள் உள்ள வந்து பாத்தா செட்டிங்கு அஞ்சுலதான் இருக்கு. சரியாகாம பேச்சு எப்புடி வரும்? சிரிச்சுக்கிட்டேன். சொல்லணும்னு தோணல. சொன்னா பெறவு என்னத்தப் பேசுறது? இங்க ரூம்ல நாலு பேரு. நாலு பேரு காதுலயும் ஹெட்போனு."

கொஞ்சம் இருமினார்.

"கையெழுத்து… அது போன புதன்கெழமையே போட்டுட்டேன் மர்ஜான். இஷ்டம்னு சொல்லிட்டே. பெறவு இந்த ரெண்டு வாரமும் நீ பேசுன பேச்சு, சிரிச்ச சிரிப்பு. மூணு வருசத்துல நாம இப்புடிப் பேசுனதே இல்லைல? இப்புடியே பேசிக்கிட்டு இருந்தா ரெண்டு வருசம் ஓடிரும்னு நெனச்சேன். நீ நல்லா இருக்கேன்னு நெனச்சுட்டேன்."

மிச்சம் அரை நிமிடம் எதுவும் இல்லை. லிஃப்ட் மணி மட்டும்.

நவம்பர் 25, திங்கள்

நல்லா இருக்கேன்னு நெனச்சுட்டாராம்.

ஜூன் 10, செவ்வாய்

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மூன்று நாள். அவர் வரவில்லை.

தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து ஜன்னலோரம் எல்லாவற்றிலும் உப்புப் படிகிறது. இன்று நடு ஸ்பீக்கரில் மறுபடி பேச்சு நின்றது. பிளக்கைப் பிடுங்கி, அலமாரியைத் தள்ளி, வெட்டி, சீவி, செருகினேன். பத்து நிமிடம். அஸர் பாங்குக்கு முன்பே முடிந்துவிட்டது.

உடனே அவரிடம் சொன்னேன்: நின்றது, சரிசெய்துவிட்டேன். குர்பானிக் கறியில் அவருக்கென்று உம்மா உப்புக்கண்டம் போட்டு மொட்டைமாடியில் காயவைத்திருப்பதைச் சொன்னேன். வந்துருங்க என்பதையும் சொன்னேன். அதை இப்போதெல்லாம் தினமும் சொல்கிறேன்.

"கம்பி மொனையில வாசலின் தடவி விடு. களிம்பு புடிக்காது" என்றார். வரச் சொன்னதற்கு, "இன்னும் பதினெட்டு மாசந்தானே புள்ள" என்றார்.

வாசலின் தடவினேன்.