பழைய பதிப்பே போதும், நைனா

அன்புள்ள நைனாவுக்கு,

கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை மறக்காமல் விடுகிறீர்களா? டப்ளினில் எனக்குக் குளிரைத் தவிர வேறு குறையில்லை.

உங்களுக்குப் பேப்பர் படித்துக்காட்டும் செயலியை நாங்கள் பதினோரு பேர் ஒன்பது வருடம் கூலியில்லாமல் எழுதினோம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்பதுதான் அதன் உரிமம். குரல் நான் கொடுத்தது. போன வாரம் எங்களில் ஒருவனான நிலவன் அதைத் தன் கம்பெனிக்கு மாற்றி, புதிய பதிப்பை வேறு யாரும் தொட முடியாதபடி பூட்டிவிட்டான். உரிமையெல்லாம் அவனுக்கே என்ற ஒப்பந்தத்தில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். நம் கல்மண்டபத்துக்காரன்தானே என்று படிக்கவே இல்லை.

போனில் கேட்டேன். "இன்னாக்கா பேஜாரு பண்றே? நன்றி பக்கத்துல உன் பேருதான் மொதல்ல கீது" என்றான்.

"பேர நீயே வெச்சுக்கோ, என் கொரல குடு" என்றேன். சிரித்தான்.

கவலைப்படாதீர்கள். ஏற்கெனவே திறந்து கொடுத்த பழைய பதிப்பை அவனால் பூட்ட முடியாது. புதியதில் இரண்டு செய்திக்கு ஒருமுறை என் குரல் நகைக்கடை விளம்பரம் படிக்கிறது. அப்டேட் கேட்டால் வேண்டாம் என்று அமுக்கத் தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

பஸ் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தையும் அந்தச் செயலிதான் உங்களுக்குப் படிக்கும். நம் வீட்டிலாவது என் குரலில் என் பேச்சு மட்டும் கேட்கட்டும்.

அன்புக்கரசி