ஆபீஸ் வாசலோடு நின்றுபோன கணக்கு

வெள்ளிமலை,
கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வாரம்.

அன்புள்ள பிரின்சிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா கிருபையில் நானும் அப்பாவும் ஆடுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் சளி இருமல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று செபமாலையில் உன் பேரைச் சொல்லாத நாள் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட் ஆனதற்கு மலையில் டவர் சரியில்லை என்று நினைத்திருப்பாய். டவர் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் வைத்தேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் பெற்ற பெண்ணை என்னவெல்லாம் சொல்லியிருப்பேனோ, அதனால்தான் ஆற அமர எழுதுகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு அம்மா காகிதத்தை வீணாக்குகிறாய் என்று முகம் சுளிக்காதே, இதைத் திருப்பிப் பார். காகிதச் செலவைக் குறைப்பது எப்படி என்று எங்கள் கம்பெனியில் வந்த சுற்றறிக்கை இது. ஆளுக்கு ஒரு பிரதி, ஒரே பக்கம்தான் அச்சு, பின்பக்கம் பூராவும் வெள்ளை. மாதா மாதம் வருகிறது, உனக்கு வருஷம் முழுக்க எழுதினாலும் தீராத அளவுக்கு என்னிடம் கிடக்கிறது.

அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துவிட்டால் தேவலை என்கிறார், ஆஸ்பத்திரிக்கு வா என்றால் அன்றைக்குப் பார்த்து வலி விட்டுப்போச்சு என்கிறார். உன் தம்பி பிரிட்டோ சின்னசேலத்தில் மாமியார் வீட்டுக்கு அடுத்த வீட்டையே வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டான், ஸ்டேஷன் பக்கம் என்பதால்தானாம், நாங்களும் நம்பிவிட்டோம். தாத்தா கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றி உன் பேரிலும் ஒரு பூசை வைத்தோம். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. மழை வந்தால் வருகிறது, இல்லையென்றால் பொசுபொசுவென்று தூறிக்கொண்டே கிடக்கிறது, அறுத்துப் போட்ட சாமையைக் காயவைக்க இந்தத் தூறல்தான் எமன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆனி மாசத்தில் எங்கள் மேனேஜர் அறிவுச்செல்வன் என்னிடம் வந்து உங்க பொண்ணு வெளிநாட்டில் ஆபீஸுகளுக்கெல்லாம் சுற்றுச்சூழல் ஆலோசனை சொல்கிறார்களாமே, நம்ம கம்பெனிக்கும் ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்க மேடம் என்று கேட்டாரா, எனக்குத் தலைகால் புரியவில்லை, உடனே உனக்குப் போன் போட்டேன். நீயும் கள்ளக்குறிச்சி தலைமை ஆபீஸ் சுவரில் பெரிதாகத் தெரிந்து, கரண்டைக் குறையுங்கள், காகிதத்தைக் குறையுங்கள், பிளாஸ்டிக்கை விடுங்கள் என்று அழகாகப் பேசினாய். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பெருமையில் பொங்கிப் போனேன். நீ போனை வைத்த பிறகு அங்கே என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று மறுவாரமே வாசலில் ஒரு பிளக்ஸ் கட்டினார்கள், கல்யாண மண்டபத்தில்கூட அவ்வளவு பெரிய பிளக்ஸ் நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஒரு எவர்சில்வர் பாட்டில் பரிசு, ஒவ்வொன்றும் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள். ஏசியை இருபத்திநாலுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று நீ சொன்னதை மேனேஜர் அப்படியே கேட்டார், கேட்டுவிட்டுத் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய மின்விசிறியை நிறுத்திக்கொண்டார். காகிதமே இல்லாத ஆபீஸ் என்று எல்லாவற்றையும் ஈமெயிலில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினால் டைப்பிஸ்ட் ஷாலினி அதைப் பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேஜையில் வைக்க வேண்டும், அவர் அதில் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார், அதை அவள் மறுபடி ஸ்கேன் பண்ணி எங்களுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். முன்னே ஒரு காகிதம் போன இடத்தில் இப்போது காகிதமும் போகிறது, கரண்டும் போகிறது, ஷாலினியின் கண்ணும் போகிறது. கையெழுத்தும் பச்சை மையில். கெஜட்டட் ஆபீசர் மாதிரி பச்சை மையில் எழுத வேண்டும் என்று அந்த மனிதருக்கு எத்தனை வருஷத்து ஆசையோ, இப்போது கேட்டால் பசுமை ஆபீஸுங்க என்கிறார். அப்புறம் ஒரு நாள் மரம் நடுகிறோம் என்று மூன்று கார்களில் மலையேறி வந்தார்கள். கள்ளக்குறிச்சியில் நிழலுக்கு ஒதுங்க மரம் இல்லாமல் ஜனங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், இவர்கள் காட்டுக்குள் வந்து மரம் நட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

இதெல்லாம் கூத்து, சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இவ்வளவு செய்தும் உங்கள் ஆட்கள் கொடுக்கிற பசுமைச் சான்றிதழுக்குத் தேவையான அளவு கம்பெனியின் புகைக் கணக்கு குறையவில்லையாம். சான்றிதழ் இருந்தால்தான் வெளிநாட்டுக்காரர்கள் நம் சாமையையும் தினையையும் வாங்குவார்களாம். என்ன செய்யலாம் என்று யோசித்த மேனேஜர் நீ பேசும்போது காட்டிய படங்களில் ஒன்றைத் தேடிப் பிடித்தார், சின்னச் சின்னக் கிளைகளை மூடிவிட்டு ஒரே கட்டடத்தில் வேலையைச் சேர்த்துக்கொண்டால் மின்சாரமும் டீசலும் மிச்சம் என்று போட்டிருந்தாயே, அது. எங்கள் கம்பெனிக்கு இருந்தது ஒரே ஒரு கிளை, வெள்ளிமலையில் நான் சாமையும் தினையும் எடை போட்டு வாங்கிக்கொண்டிருந்த இந்த ஒற்றை அறை. இங்கே அடிக்கடி கரண்டு போவதால் ஒரு ஜெனரேட்டர் ஓடியது, அந்த டீசல்தான் கம்பெனி கணக்கிலேயே பெரிய அழுக்காம். ஆயுதபூஜைக்குத் தராசில் வைத்த பூ வாடுவதற்குள் தராசைத் தூக்கி வண்டியில் ஏற்றி, கதவைப் பூட்டி, சாவியை வாங்கிக்கொண்டு, என்னையும் கள்ளக்குறிச்சி தலைமை ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கே கம்பெனி கக்குகிற புகையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டதாக மேனேஜர் கைதட்டி அறிவித்தார்.

புகை எங்கே போனது என்று கேள். முன்பெல்லாம் மேலே இருக்கிற குடிசைகளிலிருந்து மூட்டையைத் தலையில் வைத்து நடந்தே நம் கிளைக்கு வருவார்கள். ஈரம் பார்க்கிற மிஷினில் போட்டுப் பார்ப்பேன், ஈரம் ஜாஸ்தி என்றால் வாசலில் இருக்கிற சிமெண்ட் களத்தில் கொட்டிக் காயவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து கதை பேசுவார்கள், வெயில் ஏறியதும் மறுபடி பார்த்து எடை போட்டுவிடுவேன். இப்போது எல்லோரும் மலையை விட்டு இறங்க வேண்டும். பஸ்ஸில் மூட்டை ஏற்ற மாட்டார்கள், ஜீப்தான். அந்த ஜீப்புகள் விடுகிற புகையை நீ பார்த்திருக்கிறாய், கொண்டை ஊசி வளைவில் பின்னால் வருகிறவனுக்கு முன்னால் என்ன போகிறது என்றே தெரியாது. போன வாரம் இருசம்மாள் அப்படி வந்தாள். மேட்டுக்காட்டு இருசம்மாளை மறந்திருக்க மாட்டாய், நீ சேலத்து ஹாஸ்டலுக்குப் போன அன்றைக்கு உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை வந்தாளே, அவள்தான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் சாமை நன்றாகத்தான் காய்ந்திருந்தது. ஜீப் மேலே கட்டிய தார்ப்பாயில் ஓட்டை, கச்சிராயபாளையம் வருகிற வரைக்கும் தூறல். தலைமை ஆபீஸில் மிஷினில் போட்டால் ஈரம் ஜாஸ்தி, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மதியம் நல்ல வெயில்தான், காயவைத்துத் தருகிறேன் என்று அவள் இடம் கேட்டாள். எங்கே காயவைப்பது. அங்கே இருந்த களத்தைப் பசுமை ஆபீஸ் என்று உடைத்துப் புல்தரை போட்டு மூன்று வேளையும் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். புல் ஓரத்தில் அவள் பாயை விரிக்கப் போனதற்கு வாட்ச்மேன் வெங்கடேசன் புல் வீணாகிவிடும் என்று எழுப்பிவிட்டார், அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு உத்தரவு அப்படி. இன்னாக்கா இது, நெலத்துல வெளஞ்சத இவுங்க புல்லு மேல வெக்கக் கூடாதா, ஏத்திக்கினு வந்தத மறுபடியும் ஏத்திக்கினு போவணுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அதே மூட்டை அதே ஜீப்பில் மறுபடி மலையேறியது. அவள் வீட்டுச் சாமை இதுவரைக்கும் இரண்டு தரம் மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டது, இன்னும் விற்றபாடில்லை.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். சார், நம் ஜெனரேட்டர் ஒரு வாரம் குடிக்கிற டீசலை இந்த ஜீப்புகள் ஒரே நாளில் குடிக்கின்றனவே, இது எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டேன். மனிதர் கொஞ்சம்கூட அசரவில்லை. அதெல்லாம் நம்ம கணக்குல வராதுங்க மேடம், ஆபீஸ் வாசலோட நம்ம பொறுப்பு முடிஞ்சுது, ஒங்க பொண்ணே கோடு போட்டுக் குடுத்திருக்காங்க பாருங்க என்று நீ அனுப்பிய படத்தைத் திருப்பிக் காட்டினார். ஆபீஸைச் சுற்றி அழகாக ஒரு பச்சைக் கோடு. அதற்கு உள்ளே எரிந்தால் புகை, வெளியே எரிந்தால் ஒன்றுமில்லை. பிளக்ஸ் கட்டியவரைப் பார்த்துச் சிரித்த எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தில் என் பெண்ணின் பேர் இருந்தது.

அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. எல்லையை அப்படித்தான் போடுவாங்கம்மா, அதுதான் விதிமுறை, மத்தவங்க வண்டிய நாம எப்படி எண்ண முடியும் என்றாய். மற்றவர்கள் யார் பாப்பா. அந்த ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்து இறங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. காலை பஸ்ஸை விட்டுவிட்டால் எனக்கும் ஜீப்தான், இந்த வயதில் எனக்கு வளைவில் வாந்தி வருகிறது, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டே போகிறேன். நீ அங்கே சைக்கிளில் ஆபீஸ் போகிறாய் என்று போட்டோ அனுப்பினாய், நல்லது, உடம்புக்கும் நல்லது. அந்தச் சைக்கிளை நீ எண்ணுகிறாய் அல்லவா, என் ஜீப்பையும் எண்ணு. உன் அப்பா இன்னாசி சும்மாவே குத்திப் பேசுகிறவர், இப்போது வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது, நான் வாந்தி எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒம் பொண்ணு ஆபீஸப் பூட்டி மலையக் காப்பாத்திக்கினு இருக்கா, நீ இன்னாடான்னா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வர்ற என்கிறார். எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை.

நீ கெட்ட எண்ணத்தில் செய்தாய் என்று நான் சொல்லவில்லை. கெட்டிக்காரி நீ, ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அறைக்கு யார் வருகிறார்கள், எப்படி வருகிறார்கள், அதை மூடினால் எங்கே போவார்கள் என்று என்னைக் கேட்டிருக்கலாம், பெற்றவள் அங்கேதானே உட்கார்ந்திருந்தேன். ஜெனரேட்டர்தான் அழுக்கு என்றால் கூரை மேல் சூரியத் தகடு ஒன்று போடுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும், சர்ச்சில் போட்டிருக்கிறார்கள், ஸ்பீக்கர் முதற்கொண்டு அதில்தான் ஓடுகிறது. அதற்குச் செலவாகும், பூட்டுப் போடச் செலவில்லை, அவர்கள் சுலபமானதைச் செய்துவிட்டு உன் பேரைச் சொல்கிறார்கள். இதற்குள் சங்கராபுரத்திலிருந்து ஒரு வியாபாரி லாரியோடு மேலே வந்து நிற்கத் தொடங்கிவிட்டான். மிஷினும் இல்லை, தராசும் அவன் தராசு, சொன்னதுதான் விலை. இந்தப் போகத்தில் பாதிப் பேர் அவனிடம் போட்டுவிட்டார்கள். மீதிப் பேரும் போய்விட்டால் கம்பெனிக்குச் சான்றிதழ் இருக்கும், சாமை இருக்காது. அப்புறம் ஆபீஸில் ஒரு விளக்குகூட எரிய வேண்டியதில்லை, உங்கள் கணக்கில் முழு மதிப்பெண் போட்டுவிடலாம்.

அடுத்த மாதம் அந்தச் சான்றிதழுக்காகக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடப்போவது நீதான் என்று மேனேஜர் சொன்னார். அதற்கு ஒரு விழாவாம், ஆலோசகரின் தாயார் என்று எனக்கு மேடையில் பொன்னாடையாம். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நேற்று ஆபீஸிலிருந்து திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கும்போது இருசம்மாள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் வியாபாரியிடம் போடவில்லை, மூட்டையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு அதன் மேல் பிள்ளைகளைப் படுக்கவைக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, யக்கா, நம்ம பிரின்சிப் பாப்பா பெரிய எடத்துல இருக்குதாமே, அது சொன்னா கேப்பாங்களாமே, அதுங்கிட்டச் சொல்லி ஆபீஸ மறுபடியும் இங்கயே தொறக்கச் சொல்லுக்கா, நம்ம புள்ள இல்ல, செய்யும் என்றாள். மூடியதே அந்தப் பிள்ளைதான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே, ஞாயிறு பூசையை விடாதே, ராத்திரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காமல் ஒரு பிடி சோறாவது வடித்துச் சாப்பிடு. ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தையும் நல்ல புத்தியையும் தரட்டும், மாதா எப்போதும் உன் பக்கத்தில் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய், மறக்காமல் வா. அந்தக் கையெழுத்தைப் போடத்தான் வேண்டும் என்றால் போடு, உன் வேலை, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் போட்டுவிட்டேன் என்று இருசம்மாளிடம் நீயே நேரில் போய்ச் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன்.

உன் அன்புள்ள அம்மா,
இ. பவுலின்