குகனுக்கு முன்னால் போடாத சொல்

மச்சான்,

குளிர் தொடங்கிவிட்டது. நேற்று அலுமாரிக்குள் கிடந்த தடித்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பொக்கற்றுக்குள் கையை விட்டேன். சுருண்டுபோன காகிதக் காப்பு ஒன்று அகப்பட்டது, சிவப்பும் நீலமுமாக. போன குளிருக்கு மியூசிய வாசலில் ஒரு பிள்ளை நம் இருவர் கையிலும் ஒட்டிவிட்டதே, அதுதான். "வில்லாவுட்டில போட்டதைவிட இது வடிவாயிருக்கு" என்று நீ அன்று சொன்னாய். தமிழ் விளங்காவிட்டாலும் அந்தப் பிள்ளை சிரித்தது. நானும் சிரித்தேன். வில்லாவுட் தடுப்பு முகாமில் நம்மை அடைத்துவைத்தபோது கையில் போட்ட காப்பு அந்தப் பிள்ளைக்குத் தெரிய நியாயமில்லை.

அன்று அங்கே போனதே ஒரு கூத்து. "டேய், மியூசியத்தில பின்னேரம் ஓசியில ஹெயிற்றிக்காரற்ற கலைவிழாவாம், வாறியோ?" என்று போன் எடுத்தாய். பக்றரி இரைச்சலில் பாதி செவிடான என் காதில் 'எயிற்றி' என்றுதான் விழுந்தது. எண்பது வயதுக்காரரின் விழா என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்களை உள்ள விடுவாங்களோடா? எனக்கு இன்னும் அறுபதே ஆகேல்லை."

"உன்ர மூஞ்சையைப் பாத்தா ஒண்டும் கேக்கமாட்டாங்கள். வா."

நோபல் பார்க் வீட்டிலிருந்து காரை ஓட்டிவந்த என் மகள்தான் பாதிவழியில், "அப்பா, ஹெயிற்றி இஸ் எ கன்ட்ரி" என்றாள். நீ பின் சீற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரப் பாடத்துக்கு நான் மதிலேறிக் குதித்ததையும் அவளுக்குச் சொல்லிவிட்டாய்.

உள்ளே மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. மணிகள் தைத்த கொடிகள் வெளிச்சத்தில் மின்னின. பழைய எண்ணெய்ப் பீப்பாக்களை வெட்டித் தட்டி, பறவையும் மரமும் மீனுமாகச் செய்து சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். நீ ஒரு பறவைக்கு முன்னால் நின்றவன், அசையவே இல்லை.

"பீப்பாவில இதுவும் செய்யலாம் என்ன" என்றாய். "எங்கட ஊரில பீப்பாவுக்குப் பின்னால ஆமிக்காரன்தானே நிண்டவன்."

எனக்கு விளங்கியது. உன் தம்பி குகனை ஆமிச் சென்றியில் மறித்து, மண் நிரப்பிய தார்ப்பீப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்ததை பஸ்சுக்குள் இருந்து கண்டவர்கள் உன் அம்மாவிடம் வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் எவரும் இல்லை.

முற்றத்தில் ஹெயிற்றிக்கார அம்மா ஒருவர் கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கறுவா வாசம். குடிக்க முதல் இறந்துபோனவர்களுக்கு நிலத்தில் சில துளி விடுவது தங்கள் வழக்கம் என்றும், மியூசியத் தரையில் விடக்கூடாது என்பதால் மண் தொட்டி வைத்திருக்கிறோம் என்றும் அவர் சொன்னதை மகள் நமக்குத் தமிழாக்கினாள். நான் அவசரத்தில் கையை ஆட்டி அரைக் கோப்பியைத் தொட்டிக்குள் கொட்டிவிட்டேன். "உன்ர பரம்பரைக்கே சேத்து ஊத்திப்போட்டாய்" என்றாய்.

நீ ஆறுதலாக ஊற்றினாய். அப்பாவுக்கு ஒரு துளி, அம்மாவுக்கு ஒரு துளி. அந்த அம்மா உன் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். மகள் அதைச் சொல்ல முதலே உனக்கு விளங்கிவிட்டது. கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய்.

"இருக்கிறவனுக்கு ஊத்தக்கூடாது, பிள்ளை. அவவுக்குச் சொல்லு."

மகள் என்ன சொன்னாளோ தெரியாது. அந்த அம்மா உன் தோளில் கை வைத்தார். நீ மிச்சக் கோப்பியை மண்டிவரை குடித்து முடித்தாய்.

அடுத்த கோடை முடியமுதல் நீ போய்விட்டாய். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். மரண அறிவித்தல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஓ.எல். சோதினையில் நான் பாஸ் பண்ணிய ஒரே பாடம் தமிழ் என்பது கனடாவில் இருக்கும் உன் அக்காவுக்கு இன்னும் நினைவிருந்தது. யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், மெல்பேர்ணை வதிவிடமாகவும் என்று தொடங்கி, காலஞ்சென்ற தாய் தகப்பனைத் தாண்டி, சகோதரங்கள் வரும் வரிக்கு வந்து நின்றேன். அக்கா போனில் இருந்தா.

"தம்பி, குகனுக்கு முன்னாலயும் காலஞ்சென்ற எண்டு போடும்."

"அக்கா..."

"எத்தினை வருஷமாச்சு. நாங்களும் ஏமாந்துகொண்டிருக்கிறம். இவனும் போயிட்டான். இனி யாருக்காக?"

அவ சொன்னதில் என்ன பிழை? குகன் இல்லை என்று எனக்கும் உள்ளுக்குள் தெரியும் மச்சான். உனக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மண் தொட்டிக்கு முன்னால் நீ கோப்பையை அணைத்துப் பிடித்தது என் கண்ணுக்குள் நின்றது. அதை அக்காவுக்குச் சொன்னேன்.

"அப்ப போடாம விடும்" என்றா. போனை வைத்துவிட்டா.

அறிவித்தலில் குகன் பெயர் அப்படியே வந்தது, இருக்கிற அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற தம்பியாக. செத்தவீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், "குகன் எங்க இருக்கிறார், வரேல்லையோ?" என்று கேட்டார். அறிவித்தலில் வாசித்தாராம். "வரேல்லை" என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஒரு சொல்லை எழுதாமல் விடுவது இவ்வளவு பாரமாயிருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. என்றோ ஒருநாள் அக்காவுக்கும் அறிவித்தல் எழுதவேண்டி வரும். அதில் உன் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று என் கையாலேயே போடுவேன். குகனுக்குப் போடமாட்டேன். உங்கள் வீட்டில் மிஞ்சியவன் அவன் ஒருவனாகவே இருப்பான்.

எனக்குப் பிறகு அதை யார் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை, மச்சான். மகளுக்குத் தமிழ் எழுத வராது.