மீதம் 540 கலோரி

மார்ச் 4, திங்கள்

அக்காவிடம் இன்று சொல்லாமல் விட்டது: எடை இறங்கவில்லை.

மூன்று வாரம் ஆகிறது. 71.4-இல் தொடங்கினேன். இன்று காலை 71.1. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் காணாமல் போகிற வித்தியாசம். அவளோ போனை எடுத்ததும், "நேத்து எழுநூத்தி இருபது கலோரி எரிச்சிருக்கே. கலக்குறடி. அப்பாகிட்ட காட்டிட்டேன்" என்றாள்.

ஸ்மார்ட் வாட்ச் அவள் வாங்கித் தந்தது. நான் நடந்தாலும் ஓடினாலும் படியேறினாலும், மூன்று மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிற அவளுடைய போனில் தெரியும். அப்பா அவளோடுதான் இருக்கிறார்; அவருக்குக் கல்லீரல் மாற்ற வேண்டும். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி, கல்லீரல் தர முடியாது. அத்தானின் ரத்த வகை சேரவில்லை. அம்மா இல்லை. மீதி நான்தான். என் கல்லீரலில் பதினேழு சதவீதம் கொழுப்பு. பத்துக்குக் கீழே வந்தால்தான் அதிலிருந்து வெட்டி எடுப்பார்கள். மறு ஸ்கேன் 28-ஆம் தேதி.

"அப்பா என்ன சொன்னார்?"

"உடம்பக் கெடுத்துக்கப் போறாள்னார். வேற என்ன சொல்லுவார்."

எடையை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்லிக்கொடுப்பவளுக்கு என் வயதுதான். கழுத்தில் ஒரு விசில் தொங்கும், ஊதியதே இல்லை. நாங்கள் அவளை விசில் என்றே சொல்கிறோம்.

நான் நொடிக்கொரு தரம் மணிக்கட்டைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது என்ன, ஓடிப் போயிடுமா?" என்றாள். பிறகு கழுத்தில் இரண்டு விரலை வைத்து எண்ணச் சொன்னாள். வேக நடையில் நான் எண்ணியது 128, வாட்ச் சொன்னது 126. பரவாயில்லையே என்று இருந்தது. டம்பெல் தூக்கும்போது நான் 140, வாட்ச் 98.

"கை மடங்கினா அதுக்குக் கண்ணு தெரியாது. நடக்குறப்ப நம்பு, தூக்குறப்ப நம்பாத."

சரி. இதயத் துடிப்பைச் சரிபார்க்கக் கழுத்து இருக்கிறது. எரிந்த கலோரியைச் சரிபார்க்க எந்த விரலை எங்கே வைப்பது?

மார்ச் 7, வியாழன்

பசியா பயமா என்று தெரியவில்லை. வயிற்றில் இரண்டுக்கும் ஒரே இடம் போலிருக்கிறது.

மார்ச் 9, சனி

கண்டுபிடித்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

காலையில் எழுந்ததும் வாட்சின் செயலியில் 'இன்று சாப்பிடலாம்: 1200' என்று இருக்கும். பயிற்சி முடிந்து வந்து பார்த்தால் 1740. கீழே பச்சை எழுத்தில், 'மீதம் 540'. எரித்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. நானும் வாங்கிக்கொண்டேன். வாழைப்பழம், ஒரு கை வேர்க்கடலை, வெண்ணெய் தடவிய ரொட்டி இரண்டு, ஒரு டம்ளர் பால். அளந்துதான் சாப்பிட்டேன். தினமும். நேர்மையாக.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற உணவு நிபுணரின் தாளில், '1200. உடற்பயிற்சி செய்தாலும் 1200தான்' என்று இருக்கிறது. பேனாவால் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

இது போதாதென்று, எரித்ததாகச் சொல்வதும் சரியில்லை. நேற்றையதைப் பிரித்துப் பார்த்தேன். பேருந்தில் உட்கார்ந்து வந்த நாற்பது நிமிடத்துக்கு எண்பது கலோரி தந்திருக்கிறது. குண்டும் குழியுமான சாலையில் என் கை குலுங்கியதற்குச் சம்பளம்.

பத்தொன்பது நாள் இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

ஒன்றை எழுதாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன்.

முதல் நாள் மருத்துவமனையில், தானம் தருபவர்களிடம் பேசுவதற்கென்று இருக்கும் ஒரு அம்மாள் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "வேணாம்னு தோணினா எந்த நிமிஷமும் சொல்லலாம்மா. உங்க வீட்ல 'உடம்பு ஒத்துவரலை'ன்னு மட்டும்தான் சொல்லுவோம். வேற ஒரு வார்த்தை வெளிய போகாது" என்றார். "அதுக்கெல்லாம் அவசியம் வராது மேடம்" என்றேன். எவ்வளவு வேகமாகச் சொன்னேன்.

பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள் நான். ஒரு புள்ளி விட்டுப்போனால் பக்கத்தைத் திருப்பும்போதே கண்ணில் குத்தும். போன வாரம்கூட எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் விடைப் பகுதியில் மூன்று தவறு பிடித்தேன். அப்படிப்பட்டவள், இரண்டு கோடு போட்ட வரியை நான்கு வாரம் தினமும் பார்த்தும் படிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்?

எடை இறங்காவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உடம்பே சொல்லிவிடும்.

ஏமாந்தேனா? ஏமாறுவதற்கு இடம் கொடுத்தேனா?

தெரியல. சத்தியமா தெரியல.

மார்ச் 11, திங்கள்

வாட்சைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டேன். ஓட்ஸை நிறுத்து எடுத்தேன். 1200. மீதம் கிடையாது. மாலையில் ஏரிக்கரைச் சுற்றுப்பாதையில் மூச்சு வாங்கப் பேச முடியாத வேகத்தில் மூன்று சுற்று நடந்தேன். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு வளையம்.

மார்ச் 13, புதன்

அலுவலக நேரத்தில் அக்கா போன். மாடிப்படிக்கு ஓடினேன். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

"ரெண்டு நாளா ஒண்ணும் வரலையே. சார்ஜ் போடலியா?"

"கழட்டி வச்சிட்டேன்க்கா."

பின்னால் அவள் வீட்டு மிக்சி ஓடுவதும் நிற்பதும் கேட்டது.

"மனசு மாறிடுச்சா?"

"இல்லக்கா—"

"மாறியிருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"இப்ப சொல்ல மாட்டே. அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே."

"ஆமா. காட்டுவேன்தான்." சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம்.

எல்லாவற்றையும் சொன்னேன். எடை, அந்தத் தாள், பச்சை எழுத்து, பேருந்து.

"அப்ப நான் தெனமும் அப்பாகிட்ட காட்டினது?"

"நடந்தது நெஜம்க்கா. எரிஞ்சதுதான் கதை."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "பயமாவும் இருக்கு" என்றேன்.

"தெரியும்டி."

"எப்படி?"

"நீ சும்மா உக்காந்திருக்கும்போதே துடிப்பு தொண்ணூத்தாறு காட்டும். மொத வாரம் எழுபதுக்கு மேல போகாது. பத்து நாளா பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"ஏன் கேக்கலே?"

"கேட்டா, வேணாம்னு சொல்லிடுவியோன்னு."

படியில் யாரோ ஏறி வந்தார்கள். சுவரோடு ஒதுங்கி நின்றேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஆறு மாத வயிற்றோடு மூச்சு விடுவதும் ஒரு வேலைதான்.

"அந்த வாட்ச் பகிர்வை நிறுத்திடு. இனிமே போன்ல கேக்குறேன். நீ வாயால சொல்லு" என்றாள்.

மார்ச் 14, வியாழன்

நேற்று இரவு முழுவதும் அவள் மேல் கோபமாக இருந்தது. இன்று இல்லை. கல்லீரல் வேண்டியிருந்தது, அதனால் பயத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். நான் மட்டும் என்ன செய்தேன்?

பகிர்வை நிறுத்திவிட்டு வாட்சை மறுபடி கட்டிக்கொண்டேன், நடக்கிற நேரத்துக்கு மட்டும். துடிப்பு 130-க்குக் கீழே போனால் வேகத்தைக் கூட்டுகிறேன். அதற்கு நிஜமாகவே உதவுகிறது. இல்லாவிட்டால் ஏரிக்கரையில் வாத்து பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். கலோரிப் பக்கத்தை மறைத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 18, திங்கள்

69.7. இரண்டு தரம் ஏறி இறங்கிப் பார்த்தேன்.

மார்ச் 22, வெள்ளி

அப்பாவின் வயிற்றிலிருந்து மறுபடி நீர் எடுத்திருக்கிறார்கள். ஐந்து லிட்டர். போனில் அவர் குரல் தூரத்தில் இருந்தது.

"சின்னவளே, சாப்டியா?"

"அளந்து சாப்டேன்பா."

"அளந்து சாப்புடுற வயசா ஒனக்கு." கொஞ்சம் இருமினார். "எனக்காக ரொம்ப ஓடாத. விழுந்து வச்சா ரெண்டு பேரையும் உன் அக்கா திட்டுவா."

68.8. விசில் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்று டம்பெல் தரவில்லை. உட்கார வைத்து மோர் கொடுத்தாள். "இதையும் அளக்கணுமா?" என்றாள். அளந்தேன்.

மார்ச் 27, புதன்

நாளை. இறங்கியிருக்காது என்று ஒரு மனம். இறங்கியிருந்தால் என்ன செய்வாய் என்று இன்னொரு மனம். இரண்டும் என்னைப் பேச விடவில்லை. விடைப் பகுதியை மூன்று தரம் படித்தும் ஒரு வரி ஏறவில்லை, மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மார்ச் 28, வியாழன்

எட்டு சதவீதம்.

டாக்டர் "போதும்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். எழுந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் மறுபடி கதவைச் சாத்தினார். அதே கேள்வி. இந்த முறை வேகமாகப் பதில் சொல்லவில்லை. சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"பயமா இருக்கு மேடம்."

"இருக்கணும்மா."

"ஆனா குடுக்குறேன்."

அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

நாளை அறுவை. நகங்களை வெட்டச் சொன்னார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிவிட்டாள், அவள் கை என்னுடையதைவிடச் சில்லென்று இருந்தது.

ஏப்ரல் 17, புதன்

ஒன்பதாம் தேதி அறுவை நடந்தது. அப்பாவுக்குப் பதினொரு மணி நேரம், எனக்கு ஏழு. எனக்குத் தும்மல் வந்தால்தான் உயிர் போகிறது. அப்பாவின் கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறது. இன்று காலை முதல்முறையாக சூப் குடித்தார். உப்பே இல்லை என்று நர்சிடம் சண்டை போட்டிருக்கிறார்.