சாமியாகிப் போன அண்ணனுக்கு

என் பிரியமுள்ள அண்ணா,

இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்குள் கை நின்று நின்று போகிறது. குருப்பட்டம் வாங்கிய நாள் முதல் நீங்கள் எனக்குச் சாமிதான். நேரில் ஒருநாளும் அண்ணா என்று கூப்பிடவில்லை. அம்மா விடவில்லை.

அன்று பீடத்தின் முன்னால் முதல் ஆளாக முழங்கால் போட்டு, அபிஷேக எண்ணெயின் ஈரம் காயாத உங்கள் உள்ளங்கைகளை உதட்டில் ஒற்றி முத்தி செய்தவர் அம்மாதான். வீட்டுக்கு வந்ததும் எங்களையெல்லாம் நிற்க வைத்துச் சொன்னார்: "இனிமே அவரு சின்னப்பன் இல்ல. சாமி. பேரு சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. நானும்தான்."

சொன்னபடியே இருந்தார். நீங்கள் சாப்பிட வந்தால் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தள்ளியே நிற்பார். "நீயும் உக்காரும்மா" என்று நீங்கள் கெஞ்சுவீர்கள். "சாமி சாப்பிடட்டும்" என்பார். நீங்கள் தலை குனிந்து சாப்பிடுவீர்கள். அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது? ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

பிறகு பட்டாளம் தங்கியிருக்கும் நம் தண்டுப் பகுதியில் பிளேக் வந்தது. எலிகள் செத்து விழுந்தன. வீடுகளைப் பூட்டிவிட்டு சனங்கள் ஓடினார்கள். நோயாளிகளை ஊருக்கு வெளியே மூங்கில் தட்டிக் கொட்டகைகளில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கேயே தங்கி, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் தொட்டு அவஸ்தைப் பூசுதல் கொடுக்க ஒரு குரு தேவைப்பட்டார். நீங்கள் போகிறேன் என்றீர்கள்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. குருக்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் ஜட்கா வண்டியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கூட ஒருவரும் இல்லை. வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசுகிற அந்த பிரெஞ்சுக்காரப் பெரியவர் அம்மாவிடம் சொன்னார்: "அம்மா, அனுப்ப எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா நீங்க பெத்தவங்க. வேணாம்னு சொன்னா அனுப்ப மாட்டேன்."

அம்மா அவர் மோதிரத்தை முத்தி செய்தார். "கோயிலுக்குக் குடுத்த பிள்ளை ஆண்டவரே. திருப்பிக் கேக்க எனக்கு வாய் வராது. வெந்நீர்ல குளிக்க மட்டும் சொல்லுங்க. அவருக்குச் சீக்கிரமா சளி பிடிக்கும்."

மேற்றிராணியார் போகும்போது அம்மாவுக்குத் தலை வணங்கிவிட்டுப் போனார்.

மாதம் திரும்புவதற்குள் அம்மாவின் அக்குளில் கட்டி வந்தது. கொட்டகைக்குக் கொண்டுபோன வண்டியில் துணைக்கு என்னையும் ஏற்றினார்கள். அந்த மத்தியானம் நீங்கள் அம்மாவுக்கு எண்ணெய் பூசியபோது உங்கள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. செபம் முடிந்ததும் கழுத்தில் குருவாக அணிந்திருந்த ஊதாத் துகிலை எடுத்து முத்தி செய்து, மடித்துப் பையில் வைத்தீர்கள். அப்புறம்தான் தரையில் உட்கார்ந்து அழுதீர்கள்.

"அம்மா, இப்ப சாமி இல்லம்மா. சின்னப்பன் வந்திருக்கேன். ஒரே ஒரு தடவை பேரு சொல்லிக் கூப்பிடு."

அம்மா உங்களை வெகுநேரம் பார்த்தார். வெள்ளைக்காரச் சாமியார்களைப் போல நீங்கள் வளர்த்திருந்த தாடியைத் தடவினார்.

"சின்னப்பா, இந்தத் தாடி உனக்கு நல்லாவே இல்லடா."

நீங்கள் அழுதுகொண்டே சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அத்தனை வருஷமும் அம்மா அதை மனதிலேயே வைத்திருந்தாரே, அண்ணா!

மறுநாள் அம்மா போய்விட்டார். பக்கத்து மைதானத்தில் சுண்ணாம்பு போட்டு, பலரோடு சேர்த்துப் புதைத்தார்கள். சிலுவை நட இடம் விடவில்லை. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கொட்டகைக்குள் போனீர்கள். மழை தொடங்குமுன் உங்களுக்கும் காய்ச்சல் கண்டது.

உங்களைக் குருக்களின் கல்லறையில்தான் வைத்தோம். கூட்டம் சேரக் கூடாதென்று உத்தரவு. நாலைந்து பேர்தான் நின்றோம். மேற்றிராணியாரே தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். லத்தீன் செபம் பாதியில் நின்றுபோனது. அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

இப்போது கொட்டகைகளைப் பிரித்துவிட்டார்கள். தெருக்களில் மறுபடியும் சந்தடி. மாதா திருநாளுக்குத் தேர் ஓடியது. என் மகள் பூக்கூடையோடு முன்னால் நடந்தாள். உங்கள் கல்லறையில் யாராவது தினமும் பூ வைக்கிறார்கள். அம்மா கிடக்கிற இடத்தில்தான் புல் முளைத்துக் கிடக்கிறது. அந்த மைதானத்தில் வீடு கட்ட அளக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மேற்றிராணியாரிடம் ஓடினேன்.

"அம்மாவை வைச்ச இடம் அடையாளம் தெரியுமா?" என்றார்.

"தெரியாது ஆண்டவரே."

"அப்ப எல்லா இடத்தையும் மந்திரிப்போம்."

மறுவாரமே வந்தார். கால் வீங்கியிருந்தது, தடியை ஊன்றிக்கொண்டு வெயிலில் தீர்த்தம் தெளித்தபடி நடந்தார். செய்தி எப்படியோ பரவி வேறு சனங்களும் வந்து நின்றார்கள். புர்கா போட்ட ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "எங்க வூட்டுக்காரரு அந்த வேப்பமரத்தாண்ட இருக்காரு. பெரியவரு அங்கயும் வருவாரா?" என்று கேட்டார். நான் மேற்றிராணியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் களைத்துப்போயிருந்தார். இருந்தும் வேப்பமரம் வரைக்கும் நடந்தார். அங்கே தீர்த்தம் தெளிக்கவில்லை. தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அம்மா கையேந்தித் துஆ ஓதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அங்கே மோட்சத்தில் அம்மா உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார், அண்ணா? பக்கத்தில் உட்காருகிறாரா?

வீடுகள் வந்தாலும் வரட்டும். இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாள்தோறும் யார் வாசலிலாவது அனுமதி கேட்டு அம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். எனக்குப் பிறகு என் மகள் ஏற்றுவாள். அங்கே போய்விட்டுத்தான் உங்கள் கல்லறைக்கு வருவேன். கொஞ்சம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெற்ற தாயும் போய், கூடப் பிறந்தவரும் போய், உங்கள் இருவருக்குமாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்
உங்கள் தங்கை,
மதலேன்