ஹதகெதாவுக்குப் பாட்டு கிடையாது

செப்டம்பர் 11, புதன்

தொகொனாமி அம்மா இன்று பள்ளிக்கே போன் செய்துவிட்டார். ஸ்டேஷன் பக்கம் முடி திருத்தும் கடை வைத்திருப்பவர். மைதானத்தில் எங்கள் கேலரிக்குத் தலைவி, பெரிய மேளம் அவர் கையில்.

"வாத்தியாரே, சனி ஞாயிறு கொமெட்ஸ் கூட ஆட்டம். இப்பவாவது அந்தப் பாட்டைக் குடுங்க."

முடியாது என்றேன்.

எங்கள் ஊர் பேஸ்பால் அணி ஹெரன்ஸ், அதாவது நாரைகள். அதில் யார் மட்டை பிடிக்க வந்தாலும் கேலரியிலிருந்து அவனுக்கென்று ஒரு பாட்டு எழும். ஹதகெதாவின் பாட்டை எழுதியவன் நான். ட்ரம்பெட்டில் மெட்டு கட்டியவனும் நான். நான்கு வருடம் முன்பு, ரசிகர் விருந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பாட்டு இருக்கற வரைக்கும் எங்கயும் போகமாட்டேன் சார்" என்றான். அடுத்த வாரமே டோக்கியோவுக்கு, அந்த கொமெட்ஸுக்கே போனான். இப்போது அவர்கள் கழற்றிவிட்டதும் திரும்பி வந்திருக்கிறான். வரட்டும், ஆடட்டும். பாட்டு கிடையாது. எழுதியவர் சம்மதிக்காமல் மற்றவர்கள் வாசிப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். ஆகவே அவன் முறை வரும்போது மேளம் மட்டும் ஒலிக்கிறது. ட்ரம்பெட்டுகள் மடியில் கிடக்கின்றன.

செப்டம்பர் 12, வியாழன்

உதவித் தலைமையாசிரியர் மினோபெ, என்னைவிட இளையவர், எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், போதாததற்கு கொமெட்ஸ் ரசிகர். "ஞாயித்துக்கிழமையோட உங்களுக்கு ஓய்வு கிடைச்சிரும் சார்" என்றார். இருக்கட்டும். மறக்க மாட்டேன்.

செப்டம்பர் 14, சனி

0–13.

ஐந்தாவது இன்னிங்ஸிலேயே ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். நான் கடைசி ஆள் அவுட் ஆகும்வரை வாசித்தேன். பின்வரிசையில் பீர் குடித்துக்கொண்டிருந்தவன், "இழவு வீட்டுக்குப் பொருத்தமா இருக்கு, நிறுத்தாதீங்க" என்றான். நிறுத்தவில்லை.

முதல் மூன்று அணிகள்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். நாளையும் தோற்றால் அந்த மூன்றாவது இடம் கொமெட்ஸுக்கு. எங்கள் வருடம் முடிந்தது.

ஹதகெதா நான்கு முறை வந்தான், நான்கு முறையும் அவுட். கேலரியில் மேளம் மட்டும்தான். எனக்கு அது திருப்தியாக இருந்ததா? இருந்தது. பொய் எதற்கு.

வீட்டில் மனைவி சுமிஎ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உதடு வீங்கிக் கெடக்கு. நாளைக்கும் போகணுமா?" என்றாள்.

"நாளைக்குத்தான் போகணும்."

செப்டம்பர் 15, ஞாயிறு காலை

உதட்டில் தேன் தடவியிருக்கிறேன். எரிகிறது. போகிறேன்.

செப்டம்பர் 15, மாலை

3–2. வென்றோம்.

ஒழுங்காக எழுத வேண்டும்.

எட்டாவது இன்னிங்ஸ். நாங்கள் 1–2 என்று பின்னால். இரண்டு பேர் அவுட், மூன்றாமவனும் போனால் எங்கள் முறை முடிந்தது. இரண்டு பேர் பேஸ்களில் ஓடத் தயாராக நிற்கிறார்கள். மட்டையோடு வருபவன் — வேறு யார்? மேளம் மட்டும் ஒலித்தது. நான் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரணி மட்டை பிடிக்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மரியாதை. நாடு முழுக்க அப்படித்தான். ஆனால் கொமெட்ஸ் கேலரியிலிருந்து ஒரு தடித்த குரல்: "ஏம்ப்பா, உங்களுக்கு வேணாம்னா எங்ககிட்டயே திருப்பிக் குடுத்துருங்க. நாங்க பாடிக்கிறோம்." சிரிப்பு. பிறகு உண்மையாகவே பாடினார்கள். அவன் அங்கே இருந்தபோது அவனுக்கென்று கட்டிய பாட்டை, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல இழுத்து இழுத்து. எங்கள் ஆள் மட்டை பிடித்து நிற்கும்போது. எங்கள் மைதானத்தில்.

அவன் மேல் கோபப்பட எனக்கு உரிமை உண்டு. ஏமாந்தவன் நான். இவனுங்க யாரு நடுவுல? எங்க வீட்டுச் சண்டைக்குள்ள மூக்கை நுழைக்க இவனுங்களுக்கு யாரு குடுத்தா அதிகாரம்?

தொகொனாமி அம்மா மேளக்குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பினார். "வாத்தியாரே, ரோஷம் இருந்தா எந்திரிங்க."

எழுந்தேன். முதல் சுரம் உடைந்தது. இரண்டாவது நின்றது. மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது வரிக்குள் கேலரி முழுவதும் எழுந்து நின்று பாடியது. மற்ற மூன்று ட்ரம்பெட்டுகளும் இம்மியும் பிசகாமல் சேர்ந்துகொண்டன. எனக்குத் தெரியாமல் எங்கேயோ பழகி வைத்திருக்கிறார்கள். துரோகிகள்.

ஹதகெதா மட்டை பிடிக்கும் கட்டத்திலிருந்து வெளியே வந்தான். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினான், மறுபடி மாட்டிக்கொண்டான், திரும்பிப் போய் நின்றான். அடுத்த பந்தை எதிரணியின் இரண்டு ஆட்களுக்கு நடுவே அடித்தான். அது உருண்டு மதில்வரை போயிற்று. பேஸ்களில் நின்ற எங்கள் ஆட்கள் இருவரும் ஓடி வந்து சேர்ந்தார்கள், இரண்டு ஓட்டம். அவன் இரண்டாவது பேஸுக்கு நெஞ்சு தேய விழுந்து போய்ச் சேர்ந்தான். எழும்போது வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

முடிந்ததும் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தொகொனாமி அம்மா என் முதுகில் ஒரு அடி வைத்தார்.

"என்ன, அழுவுறீங்களா?"

"உதடு வலிக்குது."

உண்மையில் வலித்தது.

ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். அவனை நான் மன்னிக்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

மினோபெ தானாகவே என் மேசைக்கு வந்தார். "ஞாயித்துக்கிழமை ஆட்டம் பாத்தீங்களா சார்?"

"பாக்கலை. வாசிச்சேன்."

செப்டம்பர் 18, புதன்

பாட்டின் மூன்றாவது வரியில் 'இளம் நாரையே' என்று இருக்கிறது. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. இலக்கியம் கற்பிக்கிறவன் தப்பான அடைமொழியை விட்டுவைக்க முடியாது. 'ஓடிப்போன நாரையே' என்று மாற்றி அனுப்பினேன். தொகொனாமி அம்மா உடனே கூப்பிட்டார். "வாத்தியாரே, இதைப் பாடினா கொமெட்ஸ்காரன்தான் கை தட்டுவான்." நியாயம்தான். 'மூத்த நாரையே' என்று முடிவானது. மெட்டுக்கும் சரியாக உட்காருகிறது.

சனிக்கிழமை வெளியூர் ஆட்டம். மற்ற மூவருக்கும் எழுதி அனுப்பிவிட்டேன்: தொடக்க இசையை இனி ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை வாசிக்க வேண்டும். அந்த முழங்காலோடு அவன் நடந்து வர நேரமாகும்.